கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

மூன்றாம் மாடி வித்தோல்ட் ஞாயிற்றுக்கிழமை அரசு எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனவன் திரும்பவில்லை. எங்கள் கட்டடம் இரண்டு கட்சியானது. போலீஸ் பிடித்திருக்கும் என்றது ஒன்று. விதெப்ஸ்க் நகரத்தில் இருக்கும் பழைய சிநேகிதி பிடித்திருப்பாள் என்றது மற்றது. நான் நடுநிலை, இரண்டு கட்சி வீட்டிலும் காபி குடித்தேன்.

அவன் மனைவி யாத்விகா ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்தாள். எங்கும் அந்தப் பெயரில் யாரும் இல்லையாம். செவ்வாய்க்கிழமை சிறை வாசலுக்குப் போனாள். நானும் போனேன், துணைக்குத்தான்.

நீண்ட வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட்.

"வித்தோல்ட் சவித்ஸ்கி இங்க இருக்காரா சார்?"

"இல்ல."

"கொஞ்சம் சரியாப் பாருங்க."

"உங்க வீட்டுக்காரர் எங்க சுத்துறாருன்னு எனக்கெப்படிம்மா தெரியும்? அடுத்த ஆள்."

யாத்விகாவின் காது சிவந்தது. வரிசையில் நின்ற பச்சைத் தலைத்துணிக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கேட்டா இல்லைன்னுதான் சொல்வான். கேக்காத. ஒரு பையில சாமான் போட்டு, அவர் பேரைச் சொல்லி நீட்டு. ஆள் உள்ள இருந்தா வாங்குவான், இல்லேன்னா திருப்பித் தள்ளுவான். நாங்க எல்லாரும் அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."

எதிர்க்கடையில் சோப்பு, காலுறை, பிஸ்கட், சாஸேஜ் வாங்கினோம்.

"அந்த விதெப்ஸ்க்காரிகிட்ட இருந்தாருன்னு தெரியட்டும், இந்தச் சாஸேஜாலயே அடிக்கிறேன் பாருங்கக்கா" என்றாள் யாத்விகா.

மறுபடி வரிசை. பேரைச் சொல்லிப் பையை நீட்டினாள். சார்ஜன்ட் பிஸ்கட்டை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தான். சாஸேஜைத் திருப்பித் தந்தான். மற்றதெல்லாம் உள்ளே போயிற்று.

வரிசையே அவளைக் கட்டிக்கொண்டது. "வாழ்த்துகள்மா" என்றார் ஒரு கிழவர். நானும் சொல்லிவைத்தேன்.

யாத்விகா எல்லாரையும் உதறிவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள்.

"இப்பத்தானேய்யா இல்லைன்ன? ரெண்டு நாளா பொணம் பொணமாப் புரட்டிப் பாத்தேன்யா."

"தகவல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. பார்சல் வாங்கத்தான் இருக்கு."

"அடிச்சீங்களா அவரை?"

"தகவல் சொல்ல அதிகாரம் இல்ல."

யாத்விகா கண்ணாடியைத் தட்டிய கையை இறக்கினாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"சரிங்க சார். நாளைக்குப் பார்சல்ல வலி மாத்திரை வெச்சா வாங்குவீங்களா?"

"வாங்குவோம்." குனிந்தபடியே சேர்த்துச் சொன்னான்: "கட்டுத்துணியும் வைங்க. நிறைய வைங்க."

யாத்விகா அவன் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் துப்பினாள். அவன் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தான், உள்பக்கத்தை.