தாடி முளைத்த முகக்கூடு

கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து ஏழெட்டு மாதங்களில், மருத்துவமனை அச்சு அறையில் தொங்கிய முகக்கூடு ஒன்றுக்குத் தாடி முளைத்தது. அங்கே வேலை பார்த்த தொழில்நுட்பர் பூஞ்சை என்று நினைத்து ஸ்பிரிட்டால் துடைத்தார். மறுநாள் மீசையும் வந்துவிட்டது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது நோயாளி அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் படியவைத்து எடுக்கிற அச்சுதான் முகக்கூடு. இது எழுபத்தாறு வயது சலூன்காரர் ஒருவருடையது. நுரையீரல் புற்று மூளைக்குப் பரவியிருந்தது. சிகிச்சையில் அவருக்குத் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது. கொட்டியது எங்கே போயிற்று என்பது இப்போது தெரிந்தது.

அவருக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று மருத்துவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். வயதுக்கு, நடமாட்டத்துக்கு, மூளையில் உள்ள கட்டிகளுக்கு, மற்ற இடங்களில் பரவியதற்கு என்று தனித்தனி மதிப்பெண். வயதுக்குச் சைபர் விழுந்ததில் சலூன்காரருக்குக் கோபம். “அம்பது வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்திருக்கேன் சார், அதுக்கு ஒரு அரை மார்க் போடக்கூடாதா?” என்றார். போடவில்லை. மகளுக்கோ மார்க் வேண்டாம், தேதி வேண்டும். தூரத்து நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். எப்போது திரும்புவாய், இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று முதலாளி ஃபோனில் குடைந்துகொண்டிருந்தார்.

“மூணு மாசம்னு வெச்சுக்குங்கம்மா. முன்ன பின்ன ஆகலாம்.”

“முன்னயா டாக்டர், பின்னயா?”

மருத்துவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மூன்று மாதத்தை நம்பி சலூன்காரர் நாற்காலியையும் கத்திகளையும் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் வந்து, கட்டிப்பிடித்து அழுது, வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழிந்தது. அவர் இருந்தார். மறுபடி கணக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் என்று வந்தது. சொந்தக்காரர்கள் மறுபடி வந்து கொஞ்சம் குறைவாக அழுதார்கள். அடுத்த முறை வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, “என்ன மாமா, எங்கள இப்படி அலையவிடறீங்க?” என்றே கேட்டுவிட்டார்கள். அவரும் பாவம், மன்னிப்புக் கேட்டார்.

முகக்கூட்டின் தாடி செய்தி பரவியதும் அச்சு அறை வாசலில் மற்ற நோயாளிகளின் வீட்டார் குவிந்தார்கள். தங்கள் ஆளின் கூட்டில் ஒரு ரோமமாவது தெரிகிறதா என்று துழாவிவிட்டு எரிச்சலோடு திரும்பினார்கள். மருத்துவர் அடிக்கோல் வைத்துத் தாடியை அளந்து கணக்கில் சேர்த்தார். விடை மூன்று மாதம். மீசையையும் சேர்த்தார். அதற்கும் மூன்று மாதம். அடிக்கோலை மேசையில் எறிந்தார்.

சலூன்காரருக்கு இந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. தன் முகம் இப்படி அலங்கோலமாகத் தொங்குவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கொடுத்த கத்தியைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, தொழில்நுட்பரிடம் இரவல் வாங்கினார். கை நடுக்கத்துக்கு மகள் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க, சோப்பு நுரை பூசி மழித்தார். “தாடைய அசைக்காத” என்று கூட்டை அதட்டினார். பக்கத்தில் நின்ற மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய் அழுகை வந்தது. “ஏம்ப்பா, இதுக்காவது தெரியுமா, எவ்ளோ நாள்னு?”

“அதுக்கென்ன தெரியும்? இன்னிக்கு வளரத் தெரியும்.”

மழமழவென்று இருந்த தாடை, மறுநாள் காலை தொட்டபோது குத்தியது.

வேலைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று மகள் ஒரு வாரம் யோசித்தாள். சண்டையும் போட்டாள், அப்பாவோடு, மருத்துவரோடு, காரணமே இல்லாமல் மின்விசிறியோடு. கடைசியில் அத்தை வந்து, “என் அண்ணன நான் பாத்துக்கறேன், நீ பொழப்பப் பாருடி” என்று பெட்டியை எடுத்து வைத்தாள். சலூன்காரர் முகக்கூட்டை ஒரு துண்டில் சுற்றி, மகளிடம் கொடுத்தார். வாராவாரம் மழித்துவிட வேண்டும், கத்தியைக் காதுப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது அது அந்தத் தூரத்து நகரத்தில், அவள் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மருத்துவர் இன்னமும் மூன்று மாதம் என்கிறார். தினமும் காலையில் அவள் அதன் தாடையைத் தடவிப் பார்ப்பாள். குத்தும். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.