இறால் அறைக்குள் ஒரு டிக் டிக்

விண்வெளிக்குப் போகவேண்டிய அந்தப் பெட்டி இறால் நாற்றம் அடித்தது. அதற்கு ஐரீன் பொறுப்பில்லை. பெட்டி செத்துப்போனதற்குத்தான் அவள் பொறுப்பு என்றார் தேவகிருபை சார்.

திருவொற்றியூரில் தகரக் கொட்டகை போட்டு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை நடத்திய முதலாளி அவர்; அங்கே ஒயர்களை ஈயத்தால் பற்றவைப்பவள் ஐரீன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் அவருக்கு ராக்கெட் கருவி ஒன்றுக்குச் சின்னப் பெட்டி செய்யும் ஆர்டர் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் அது நொடிக்கொரு தடவை 'டிக்' என்று துடிக்க வேண்டும். மெட்ராஸில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ராயபுரத்தில் ஏற்றுமதி இறாலை உறையவைக்கும் கம்பெனிக்குத்தான். அங்கிருந்த குளிர் அறைக்குள் கொட்டாவி விட்ட ஒருவனுக்கு மறுநாள் வெயிலில் நின்ற பிறகுதான் வாய் மூடியது.

பெட்டியை இரண்டு தடவை உள்ளே வைத்தார்கள். வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து மீட்டரை மாட்டினால், முள் அசையவே இல்லை.

"உன் சால்டரிங்தான் குளிர்ல விரிசல் விடுது, ஐரீன். நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு சார் டீ குடிக்கப் போய்விட்டார்.

குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் மஜீது பாய் மெல்ல வந்தார்.

"இன்னாம்மா, கண்ணு கலங்கிக்கீது?"

"டப்பா குளிர்ல செத்துப்பூடுது பாய். என் வேலையும் பூடப்போவுது."

"குளிர்லதான் சாவுதுன்னு யாரு சொன்னா? உள்ள போய்ப் பாத்தியா?"

ஐரீன் விழித்தாள். யாரும் பார்க்கவில்லை.

"என் வாட்ச்சு உள்ள ஓடிகினுதான் கீது. வெளிய வந்தாதான் நின்னுடும். கடல்காத்து பட்டதும் வேர்த்துக்கும்மா, உள்ளல்லாம் தண்ணி!"

மறுநாள் பாயின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, நடக்கும் மெத்தைபோல ஐரீன் உள்ளே போனாள். இன்னொரு கோட்டில் பாயும் பின்னால் வந்தார். பாட்டரியைக் கோட்டுக்குள் கதகதப்பாக வைத்துக்கொண்டு, உள்ளே உறைந்துகிடந்த பெட்டியின் ஒயரை அதில் மாட்டி, இயர்போனைக் காதில் செருகினாள். இமைமுடி ஒவ்வொன்றும் தையலூசியாக நின்றது.

டிக். டிக். டிக்.

"துடிக்குது பாய்!"

"கத்தாதம்மே, இறால்லாம் எழுந்து ஓடிடப்போவுது!"

பாய் அங்கேயே பெட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் வாயை இறுக்கிக் கட்டினார். வெளியே கொண்டுவந்ததும் பைக்கு வேர்த்தது. ராயபுரம் தெருக்குழாயில் ஒரு வாரத்துக்கு வரும் அளவு தண்ணீர் அதன்மேல் வழிந்தது. பெட்டிமேல் ஒரு சொட்டில்லை. மத்தியானம், குளிர் முழுக்க விட்ட பிறகு அவிழ்த்தார்கள். சார் மீட்டரை மாட்டினார். முள் துள்ளியது.

சார் மீட்டரைக் கழற்றிவிட்டு ஐரீன் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதும்மா" என்றார். சோதனைத் தாளில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் பாயைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பாய் கோணலாக, ஆனால் கம்பீரமாகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஐரீன் நேராக இறால் கம்பெனிக்கு வந்தாள்.

"கோயில்ல ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்துனேன் பாய். உனக்கு ஒண்ணு, இந்த ரூமுக்கு ஒண்ணு."

"ரூமுக்கா?" பாய் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "ரெண்டையும் என் பேருக்கே வச்சிக்கம்மா. இதுக்குச் சூடு ஆவாது!"