பதிலிக்கு வந்த கட்டடம்

எங்கள் ஊர் மில் லீவு போட்டால், அன்றைக்கு அதன் இடத்தில் வேறொரு கட்டடம் பதிலிக்கு வந்து நிற்கும். வராத ஆளுக்குப் பதிலி எடுப்பது கோயம்புத்தூர் மில்களில் வழக்கம்தான். ஆளுக்கு லீவு உண்டென்றால் சுவருக்கும் உண்டு என்று யூனியன் அந்தக் காலத்திலேயே சண்டை போட்டு வாங்கிவிட்டது. ஒருமுறை ஊட்டியிலிருந்து ஒரு மாதாகோயில் வந்ததாம். அன்று நூற்ற நூலெல்லாம் சில்லென்று இருந்ததாகச் சொல்வார்கள்.

மில்லை மூடிய பிறகும் கட்டடம் லீவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை இடித்து ஏழு மாடிக் குடியிருப்பு கட்ட வந்த கம்பெனியில் நான் இன்ஜினியர். மேற்குச் சுவரை ஒட்டிய தொழிலாளர் லைன் வீட்டில் துளசிமணி அக்கா இருந்தார். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். சுவர் விழுந்தால் அந்த வீடும் விழும். அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"புதுக் கட்டடத்துல ஒரு வீடு தர்றேன்னு எங்க முதலாளி சொல்லியிருக்காருக்கா. காலி பண்ணிக் குடுங்க," என்றேன்.

"வாய் வார்த்தையாத்தானுங்களே சொன்னாரு?"

"பெரிய மனுசன், ஏமாத்துவாரா?"

அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

இடிக்க மெஷின் வந்த காலையில் மில் லீவு. பதிலிக்கு நின்றது, நாங்கள் கட்டப்போகிற அதே குடியிருப்பு. காகிதத்தில் மட்டும் பார்த்த ஏழு மாடியும் வெயிலில் நின்றன. பால்கனி வளைவு நான் போட்ட கோடேதான். என் கை தானாகக் கும்பிட்டது. பதிலிக்கு வந்தால் வேலையில் குறை வைக்கக்கூடாதல்லவா, லைன் வீட்டையும் அது மேற்கே தாங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். "நம்ம கட்டடத்தை நாமளே இடிக்கறதா? மெஷினை நிறுத்துப்பா. நாளைக்கு மில் வந்துரும். அதுக்குள்ள அந்தம்மா சாமானை வண்டியில ஏத்தீரு."

அக்கா சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தார். அப்போது நாலாவது மாடியில் ஒரு கிழவி துணி காயப்போட வந்தார். தலை முழுக்க வெள்ளை. முகம் துளசிமணி அக்காவின் முகம்.

"கண்ணு, எழுதி வாங்காம வீட்டைக் காலி பண்ணீராத," என்றார் மேலிருந்து. "நான் இந்த வீட்டை அப்படி எழுதித்தான் வாங்குனேன்."

"சரிங்கக்கா." துளசிமணி அக்கா சாக்கை இறக்கி வைத்தார். முதலாளி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"கொடியில கெடக்கற அந்தப் பச்சைச் சேலை எந்தக் கடையிலீங்க எடுத்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"அந்தக் கடை இன்னும் தொறக்கல கண்ணு."