அண்ணியின் முதுகு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அண்ணி. என் அண்ணி அல்ல, கதையில் வருகிற அண்ணி. தலையணை உறை வாங்க அவர் வீட்டுக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதறவங்களாமே? இதை எழுதுங்க. நியாயம் யார் பக்கம்னு நாலு பேர் சொல்லட்டும்." நியாயம் சொல்வது என் வேலையல்ல என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'துணிகளுக்கும் நினைவு உண்டு, அவை...' துணிக்குச் சாயம்தான் உண்டு. அடித்துவிட்டேன்.

2

அண்ணியும் அவர் கணவரின் தங்கையும் வீட்டு முன்னறையில் ஒட்டுப்போர்வை தைத்து விற்கிறார்கள். துண்டுத்துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் அடியில் ஒரு துணி கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். மூலைக்கு மூலை பொருந்தாவிட்டால் அண்ணி பிரிக்கச் சொல்லிவிடுவார்.

தங்கையை வீட்டில் சின்னி என்பார்கள். கல்யாணம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ('ஒண்டினவ' என்பது அண்ணியின் சொல். 'திரும்பி வந்தேன்' என்பது சின்னியின் சொல். நான் 'வந்தவள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) வந்த புதிதில், வேலை இருக்கிறது என்று தட்டை முன்னறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது.

3

ஒருநாள் மதியம் சின்னி அளவுகோல் வைக்காமல் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, கோணல்மாணலா?"

"கோணலாத்தான் வேணும், அண்ணி."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. எனக்கு."

அண்ணிக்கு அந்த 'எனக்கு' பிடிபடவில்லை. அந்த அறையில் அதுவரை வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் ஒரு தையல்கூட விழுந்ததில்லை. ஏதோ கிறுக்கு, தானாகத் தெளியும் என்று விட்டுவிட்டார்.

4

தெளியவில்லை. நூலகக் கூடத்தில் நடந்த கைவேலைக் கண்காட்சியில், அந்தக் கோணல் துண்டுகளால் சின்னி தைத்த போர்வை சுவரில் தொங்கியது. அண்ணனும் அண்ணியும் பக்கத்து வீட்டுக்காரியோடு பார்க்கப் போனார்கள்.

போர்வை முழுக்க ஒரே காட்சி. கதவு இடுக்கு வழியே தெரிகிற சமையலறை. சாப்பாட்டு மேசை. குறுக்கே, பழுப்புத் துணியில் அகலமாக ஒரு பெண்ணின் முதுகு.

"இது உங்க சமையலறை இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டி எடுக்கப் போனார். (இந்தக் கதையில் அவர் பேசுவது இந்த ஒரு வரிதான். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.)

அண்ணி சின்னியை ஓரமாக இழுத்தார். "என் முதுகையா கொண்டாந்து ஊர் பாக்க மாட்டியிருக்க? எனக்கு மூஞ்சி இல்லையா?"

"நான் உக்காந்திருக்கற இடத்துலேர்ந்து அதுதான் தெரியும், அண்ணி."

(இங்கே சின்னி அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அண்ணி மறுத்துவிட்டார். "அழுதிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேனே. அவ சும்மா நின்னா.")

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணி போர்வையைப் பிய்த்து எறிகிறார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நல்ல தையலைப் பிய்க்க அவருக்குக் கை வராது. இன்னொன்றில் இருவரும் கட்டிக்கொள்கிறா... வேண்டாம்.

நடந்தது இது. மறுநாள் சின்னி வெளியே போயிருந்தபோது, அண்ணி முன்னறையில் அவள் உட்காருமிடத்தில் உட்கார்ந்து பார்த்தார். சமையலறை மேசையில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வெறும் முதுகு. என்மேல கோவமா இருக்கற மாதிரியே தெரிஞ்சுது. மனுஷன் பாட்டுக்கு சாப்பிட்டுட்டிருக்காரு! எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த வேளை சின்னி தட்டோடு கிளம்பியபோது, அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க உக்காரு."

"வேண்டாம் அண்ணி, அங்கேயே பழகிடுச்சு."

"பழகிடுச்சான்னு நான் கேக்கல."

சின்னி தட்டோடு நின்றாள்.

6

உட்கார்ந்துவிட்டாள் என்கிறார் அண்ணி. சின்னியைக் கேட்டேன், சிரித்தாள். இப்போது காலையில் சதுரம் தைக்கிறாள்; மதியம் அவளுடையது. அளவுகோலை அண்ணியே எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறாராம்.

புதிய போர்வையை விரித்துக் காட்டினாள். மேசை இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன. ஆட்களை இன்னும் தைக்கவில்லை. யார் எங்கே என்று கேட்டதற்கு, "தெரியலயே" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. நீங்கள் உட்கார வையுங்கள்.