லண்டன் விமானத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம்

புலாவ் செபாங் சேகரன் ஆயுசுக்கும் லோரி ஓட்டியவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை. ஒரே ஒரு முறை மறந்துபோனார். தாப்பா பக்கம் அச்சு முறிந்து, பொழுது சாயும்வரை குரங்குகள் வேடிக்கை பார்க்க ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனை ஆகாயத்தில் ஏறி லண்டனுக்கு வரச் சொன்னாள் மகள் அனுசியா. அவளுக்கு அங்கே கல்யாணம். "தாரை வார்க்க அப்பா வரலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

சேகரன் தமக்குத் தெரிந்த ரோட்டை வைத்துக் கணக்குப் போட்டார்.

"இங்கேருந்து பினாங்குக்குப் பத்துத் தடவ போயிட்டு வர்ற தூரம், உஷா. பதினாலு மணி நேரம். நடுவுல நிறுத்த எடமில்ல, ஒரு தே தாரிக் கடை இல்ல."

"உள்ளயே தேத்தண்ணி குடுப்பாங்க லா. சும்மா வாங்க" என்றாள் மனைவி உஷாராணி.

"அது சரி. சக்கரத்துக்குப் பழம் யாரு வைப்பா?"

விமானக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டார். இருங்கள் என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போன பெண், போனவள் போனவள்தான்.

கிளம்பும் நாளில் வாடகைக் காருக்குப் பழம் நசுக்கியாயிற்று. அது ஏர்போர்ட் வரைக்கும்தான் செல்லும் என்றார் சேகரன். ஏர்போர்ட்டில், பெட்டி போடும் வரிசைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ போ உஷா. என்னால முடியல."

"பிள்ளைக்கு நான் என்னா பதில் சொல்றது?" உஷாராணிக்குக் கண் கலங்கியது, கூடவே ஆத்திரமும் வந்தது. கைப்பையிலிருந்த பழத்தை எடுத்து அவர் பெட்டியின் சக்கரத்தடியில் வைத்தாள். "இதுவும் சக்கரந்தான். உருட்டுங்க."

உருட்டினார். பழம் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு பளிங்குத் தரையில் ஓடியது. இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். எதிரே தொப்பியும் சீருடையுமாக வந்த மலாய்க்கார விமானி, சதக்கென்று அதை மிதித்துவிட்டார்.

"மாஃப், பாக்சிக்" என்று பெரியவரிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டார் அவர்.

சேகரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லண்டன்?"

"யா, லண்டன்."

சேகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி சொல்லிக் கும்பிட்டார். விமானி ஒன்றும் புரியாமல் பழச்சாறு ஒட்டிய ஷூவைத் தரையில் தேய்த்துவிட்டு நடந்தார். "ஓட்டுறவரே மிதிச்சிட்டாரு உஷா. நட, நேரமாச்சு."

விமானம் ஏறியதும் அவர் குறட்டை விட்டார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தது உஷாராணிதான்.

லண்டனில் அனுசியா அப்பாவைக் கட்டிப்பிடித்து, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு அழைத்துப் போனாள். அவள் காரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் மஞ்சள் எலுமிச்சம்பழங்கள் தயாராக இருந்தன. அதைப் பார்த்ததும்தான் சேகரன் அழுதார்.

"ரொம்பத் தூரமாப்பா?"

"இல்லம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூங்கி முழிச்சேன், உன் வீடு வந்துருச்சி."