சலவைக்கூடத்து மாமியார்

அக்கா, இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு. நான் ஜெயிலுக்குப் போய் வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா போனை எடுத்ததும் கேட்பது "யாராவது அடிச்சாங்களாடி?" என்பதுதான். ஒருவரும் அடிக்கவில்லை என்று சொல். பஸ்ஸில் உட்கார்ந்து, போனிடம் வாயால் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்கள் சிறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று என் பேராசிரியை ஆராய்கிறார். அதிகாரிகள் போட்ட சட்டத்தை அல்ல, அந்தப் பெண்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட சட்டத்தை. நான் உள்ளே போய் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பேனா, காகிதம், போன் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பார்த்ததையெல்லாம் மண்டையில் சுமந்து வந்து வெளியே கொட்ட வேண்டும். யாரிடமும் வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை மீறினால் அனுமதி போய்விடும். அனுமதி போனால் படிப்பு போய்விடும். படிப்பு போனால் இந்த நாட்டில் எனக்கு என்ன வேலை?

என்னைச் சலவைக்கூடத்தில் விட்டார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்ப வேண்டும். சும்மா உட்கார்ந்து பார் என்றுதான் பேராசிரியை சொல்லியிருந்தார். ஆனால் கை சும்மா இருப்பவளை அங்கே யாரும் நம்புவதில்லை. பேச்சே நின்றுபோனது. ஒரு மூலையில் கிடந்த தலையணை உறைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பெரிய மெஷின் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"படிப்பு! அது ஆஸ்பத்திரி உறை. உங்க வீட்டு கைக்குட்டை மாதிரி மடிச்சா நோயாளி தலையை எங்க வெப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் படிப்பு என்றே பேர். குரலுக்குச் சொந்தக்காரிக்குப் பேர் பெரியப்பா. ஆமாம் அக்கா, பெரியப்பாதான். அகன்ற தோள், கட்டைக் குரல், கூடத்தில் யாருக்கு எந்த மெஷின் என்று தீர்மானிப்பவள். தன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டவளிடம், "பெரியம்மான்னா சமைக்கச் சொல்லுவீங்க. பெரியப்பாவா இருந்தா உக்காந்து அதிகாரம் பண்ணலாம்" என்றாளாம்.

அங்கே எல்லாமே முறைதான். புதிதாக ஒருத்தி வந்தால் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி அவளைச் சேர்த்துக்கொள்வாள்: தங்கச்சி, சித்தி, அண்ணி என்று ஏதாவது ஒன்று. சேர்த்துக்கொண்டால் காய்ச்சலில் தண்ணீர் கொடுப்பதும், கோர்ட்டுக்குப் போகும் நாளில் தலை வாரி விடுவதும் அவள் பொறுப்பு. இதில் வயதுக்குக் கணக்கே இல்லை. மாமியார் என்று ஒருத்தி இருந்தாள், முப்பதைக் கொஞ்சம் தாண்டியவள். அவளுடைய மருமகளுக்கு நாற்பதுக்கு மேல், முன்நெற்றியில் நரை. மருமகள் வந்த புதிதில் அவள் விரிப்பைப் பிழிந்த விதத்துக்கு இவள் குற்றம் சொல்ல, "என்னம்மா நீ, மாமியார் மாதிரி நொட்டை சொல்றே?" என்று அவள் திருப்பிக் கேட்க, அதுவே நிலைத்துவிட்டது.

"அத்தை, இந்த இஸ்திரிப் பெட்டியோட குமிழ் கழண்டுடுச்சு."

"கழண்டுதா, கழட்டினியா? நல்ல சாமானெல்லாம் உன் கைக்கு வந்தாத்தான் உசுரை விடுது."

"போன வாரம் நீங்க ஒரு குமிழை உடைச்சீங்களே?"

"அது மண்குடம். இது பொன்குடம். பழமொழி படிச்சதில்ல?"

இப்படியேதான் நாள் முழுக்க. ஆனால் மருமகளுக்கு இருமல் வந்தபோது, தன் போர்வையையும் அவள் மேல் போட்டுவிட்டு மாமியார் குறுகிப் படுத்திருந்ததைப் பெரியப்பாதான் எனக்குச் சொன்னாள்.

இந்த உறவுகளுக்கு இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, நீ என்ன செய்துவிட்டு உள்ளே வந்தாய் என்று உறவு கொண்டவர்கள் ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்கலாம். அந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது. இரண்டாவது, நாலு பேர் முன்னால் "உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லி உறவை அத்துக்கொண்டால், திரும்ப ஒட்டக் கூடாது. ஏன் இவ்வளவு கடுமை என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"காலையில சண்டை, சாயங்காலம் கொஞ்சல்னு இருந்தா இங்க யாரை நம்பி கண்ணை மூடறது? வெளியில உறவு தானா வருது. இங்க நாமளா கட்டினது. கட்டினது கெட்டியா இருக்கணும்."

இதற்கிடையில் மருமகளுக்கு முன்விடுதலைக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. தண்டனை முடியும் முன்பே ஒருவரை வெளியே விடலாமா என்று நேரில் கூப்பிட்டுக் கேட்டு முடிவு செய்யும் குழு அது. அவளுடைய மகள், பதினோரு வயதுப் பெண், தாய்மாமன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். அந்த மாமன் வருடக் கடைசியில் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறான். இவளைக் கூட்டிப்போக முடியாதாம். அதற்குள் அம்மா வெளியே வராவிட்டால் பெண் விடுதிக்குப் போக வேண்டியதுதான். இந்தக் குழு கைவிட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்து.

போன தடவையும் மருமகள் குழு முன்னால் போய் நின்றிருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவள், "என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க" என்றதும் ஊமையாகிவிட்டாள். செய்ததை அவள் உணரவே இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். உணராமலா அக்கா? அவள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று சொல்கிறார்கள். உள்ளே வந்த நாளிலிருந்து யாரும் கேட்காததால், அவள் அதை ஒரு தடவைகூட வாய் விட்டுச் சொன்னதில்லை. அவளைக் காப்பாற்றிய இரக்கமே அவள் வாயையும் அடைத்துவிட்டது.

இந்தத் தடவை விடக் கூடாது என்று கூடமே ஒத்திகைக்குத் தயாரானது. இஸ்திரி மேசைதான் குழுவின் மேசை. பெரியப்பா ஒரு வெள்ளை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தலைவராக உட்கார்ந்தாள். வாசலில் நாற்காலி போட்டிருந்த வார்டர் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெளிய போனா எங்க தங்குவீங்க?"

"தம்பி வெளிநாடு போனதும் அந்த வீட்டை நானே வாடகைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேங்க."

"என்ன வேலை செய்வீங்க?"

"சலவைக் கம்பெனியில சேந்துக்கலாம்னு…"

"சலவைன்னதும் கையை ஏன் மறைக்கிறே? காட்டு. வெந்த கை வேலை தெரிஞ்ச கைன்னு அவங்களும் பாக்கட்டும்!" இது பக்கத்திலிருந்து மாமியார்.

"குழுவுல மாமியாருக்கு இடமில்ல. வெளிய போம்மா," என்றாள் பெரியப்பா. சிரிப்பு. மருமகள்கூடச் சிரித்தாள். பிறகு பெரியப்பா தொண்டையைக் கனைத்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். எல்லாருக்கும் தெரியும், அடுத்து அந்தக் கேள்விதான். யார் கேட்பது? தோளிலிருந்த விரிப்பை எடுத்து மெதுவாக மடித்து வைத்தாள்.

"எனக்கு வாய் வரலடி," என்றாள்.

அப்போது எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"படிப்பு, உன்னை இன்னும் யாரும் சேத்துக்கல. நாத்தனார்னு வெச்சுக்கலாம்னு நேத்துகூட பேசிட்டிருந்தோம். வெக்காததும் நல்லதாப் போச்சு. நீ வெளியாளு. நீ கேக்கலாம்," என்றாள் பெரியப்பா.

நாத்தனார் என்றதும் என் நெஞ்சு குதித்தது, அடுத்த நொடியே விழுந்தது. இந்த ஊருக்கு வந்து என்னை யாரும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஆனால் நான் போட்ட கையெழுத்து? வாசலில் வார்டர் வேறு. "கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கேட்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. "சரி விடு, அந்தப் புள்ளைக்கு அதுதான் சோறு," என்றாள் பெரியப்பா. கையில் அகப்பட்ட ஈரத்துண்டை என் பக்கம் எறிந்து, "மூஞ்சியைத் தொடை," என்றாள்.

மாமியார் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள், சுற்றி வைத்தாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம், பெரியப்பா எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"அத்தை! என்ன பேசறீங்க? வேண்டாம் அத்தை."

"யாருக்கு யாரு அத்தை? சொல்லியாச்சு."

"ஏய், அவசரப்படாதே," என்றாள் பெரியப்பா. "ஒட்டாதுடி இது. தெரியுமில்ல?"

"தெரியும்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் மருமகளை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"உக்காருங்க. நீங்க என்ன செஞ்சீங்க? உங்க வாயால சொல்லுங்க."

மருமகள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவையும் அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் கேட்டாள். மருமகள் எங்களையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

அந்தப் பார்வை பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே பெரிய மெஷினிடம் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அது கடகடவென்று எழுந்தது. அடுத்த மெஷினை இன்னொருத்தி போட்டாள், உலர்த்தியை வேறொருத்தி. காலியாக இருந்ததையும் விடவில்லை. ஒவ்வொருத்தியாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். எனக்கும் பக்கத்தில் ஒரு மெஷின் இருந்தது. கேட்கவும் பார்க்கவும்தான் எனக்குச் சம்பளம். அழுத்தினேன் அக்கா. அழுத்திவிட்டு நானும் சுவரைப் பார்த்து நின்றேன். தரை அதிர்ந்து கால் வழியாக ஏறியது. முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பேசுகிறாள், ஒருத்தி கேட்கிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வார்டர் எட்டிப் பார்த்தார். "காலி மெஷினை எதுக்கு ஓட்டறீங்க?"

"உள்ள அழுக்கு மேடம். கழுவறோம்," என்று பெரியப்பா கத்தினாள். வார்டர் எங்கள் முதுகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலிக்கே போய்விட்டார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது மருமகள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் எதிர்ப்பக்கம் போய் வேறு மேசையில் உறை மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பேராசிரியையிடம் சொன்னேன். "அவ என்ன சொன்னா?" என்றார்.

"கேக்கல மேடம். மெஷின் ஓடிட்டிருந்துது."

"நீ எங்க நின்னே?"

"சுவரைப் பாத்து."

என் வேலை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்தவங்க எங்க நின்னாங்க?"

"அவங்களும் சுவரைப் பாத்துதான்."

"அப்போ சரியான இடத்துலதான் நின்னிருக்கே," என்றவர், உடனே, "நான் குடுத்த பக்கத்துல எழுத்துப்பிழை நிறைய, அதைப் பாரு," என்று வேறு வேலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மருமகள் குழுவுக்குப் போய் வந்தாள். போய் வந்தவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவளாகவே பெரியப்பாவிடம் சொன்னாள்: "கேட்டாங்க. சொன்னேன். தண்ணி குடிக்கிறீங்களான்னாங்க." எதிர் மேசையில் மாமியாரின் கை ஒரு கணம் நின்றது, பிறகு மடித்தது. அத்துக்கொண்ட பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாப்பிட எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். மருமகளுக்கு இருமல் திரும்ப வந்தபோது வேறு யாரோ போர்வை கொடுத்தார்கள். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் மருமகள் விடுதலையாகிப் போனாள் அக்கா. மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வெளியே நிற்கிறான் என்று செய்தி வந்தது. உள்வாசல் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வழியனுப்பப் போவது சொந்தங்கள் மட்டும்தான். தங்கச்சி, அண்ணி எல்லாரும் கிளம்பினார்கள். கூடத்தைப் பார்த்துக்கொள்ளப் பெரியப்பா நின்றுவிட்டாள். மாமியார் இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

மருமகள் சலவைக்கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது போட்டிருந்த சொந்தச் சட்டை, இப்போது தோளில் தொளதொளத்தது.

"போறேங்க," என்றாள்.

மாமியார் தலையைத் தூக்கினாள். "சரிங்க. பொண்ணைப் பாத்துக்கங்க. மழையில நனைய விடாதீங்க."

"நீங்க உடம்பைப் பாத்துக்கங்க."

"ம்."

அவ்வளவுதான். தெருவில் வழி கேட்ட இரண்டு பேர் இதைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள். காலடிச் சத்தம் தேய்ந்துபோனதும் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய், "உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு? எந்த ஊர்லடி மருமக போனதுக்கு மாமியார் வருத்தப்பட்டிருக்கா?"

அவளே முதலில் சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்தாள், ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வெளியே அடுத்த வண்டித் துணி வந்து நின்றது. மூன்று பேருமாகப் போய்த் தள்ளினோம். அதில் ஒரு சக்கரம் சரியில்லை, சுவர்ப் பக்கமே இழுத்தது. மாமியார் முன்னால் போய்த் தோளைக் கொடுத்து அதை நேராக்கினாள்.