திறக்காத முந்நூறு பிரதிகள்

2014 ஒக்ரோபரில் சுவிஸின் துன் நகரத்து மண்டபமொன்றில் வெளியிடப்பட்ட துப்பறியும் நாவலின் முந்நூறு பிரதிகளும் மூன்று வருடங்களுக்குத் திறக்கவில்லை. தாள்கள் செங்கல்லாக இறுகிக் கிடந்தன. இது வெளியில் தெரியவராததில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் திறக்க முயலவேயில்லை. முயன்ற சிலரோ ஏற்கனவே வாசித்துவிட்டதாகச் சொல்லியிருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி அலுமாரிகளில், கல்யாண அல்பங்களுக்குப் பக்கத்தில், புத்தகம் மரியாதையாக நின்றது.

எழுதியவள் சுமித்ரா. ஏரிக்கரை ஹோட்டலொன்றில் அறை துப்பரவு செய்பவள். விருந்தினர் விட்டுப்போகும் புத்தகங்களை, சுவிஸ்காரர் 'கிறிமி' என்று சொல்லும் கொலைக் கதைகளை, வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துத்தான் அவள் டொச், அதாவது ஜேர்மன் மொழி, பிடித்தாள். மொழியோடு சேர்த்து நல்ல கூரான அபிப்பிராயங்களும் வந்து சேர்ந்தன. பிடிபட்ட பிறகு நின்று பத்துப் பக்கத்துக்குத் தன் குற்றத்தை விளக்கும் கொலைகாரனை அவளுக்குப் பிடிக்காது. புதிதாக வரும் அட்டைகளில் எல்லாம் ஏன் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பனிப்புகாருக்குள் நடக்கிறாள் என்று கேட்பாள். குடித்துவிட்டு நினைவு தப்பாத பெண்களின் கண்முன்னால் ஒரு கொலையும் நடக்காதோ என்றும் கேட்பாள். கடற்கரையில் பேக்கரி ஒன்று சொத்தாகக் கிடைத்து, அங்கேயே காதலும் கிடைக்கும் நாவல்களை விரும்பித்தான் படிப்பாள், ஆனால் கேக் சுடும் அந்தப் போறணையை ஆர் கழுவுவது என்று ஒருத்தரும் எழுதுவதில்லை என்பது அவளுடைய நிரந்தரக் குறை. இதையெல்லாம் பேர்ண் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் சிநேகிதி புனிதவதியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லுவாள். புனிதவதியும் அதே புத்தகத்தைத் தேடிப் படித்துவிட்டு, கொலைகாரன் இவனில்லை என்று சண்டைக்கு வருவாள். இரண்டு பேருக்கும் வாரத்தில் அதுதான் நல்ல நேரம்.

பிறகு சுமித்ரா தானே ஒன்று எழுதினாள், தமிழில். ஹோட்டலில் அறை துப்பரவு செய்யும் மாலினி, கலைந்த கட்டிலையும் குளித்துத் துடைத்த ஈரத் துவாயையும் வைத்தே கொலையாளியைக் கண்டுபிடிக்கும் கதை. எழுதி முடிக்க நாலு வருடம் சென்றது.

வெளியீட்டு விழா முறைப்படி நடந்தது. மங்கல விளக்கு, அகவணக்கம், வாழ்த்துரை, ஆய்வுரை, பொன்னாடை. சென்னையிலிருந்து புத்தகப் பெட்டிகள் அன்று காலையில்தான் வந்திறங்கியிருந்தன. கயிற்றை மேடையில் வைத்துத்தான் வெட்டினார்கள். ஆனாலும் தலைமை வகித்த தம்பித்துரை அண்ணை நாவலைப் பலமுறை படித்ததாகச் சொல்லி, எல்லாருக்கும் பசி எடுக்கும்வரை பேசினார். தமிழின் தொன்மை வந்தது, புலம்பெயர்ந்த வாழ்வின் வலி வந்தது, கொலை மட்டும் வரவில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம் என்றாள் புனிதவதி. நன்றியுரை சொன்ன சுமித்ராவின் கணவர் தவராஜா, ஒரே மூச்சில் வாசித்து முடித்ததாகச் சொன்னார். ஒருத்தர் மனதிலும் கள்ளமில்லை. விழாவுக்கு வந்தவர்களுக்கு வடை கொடுப்பதுபோல எழுதியவளுக்குப் பாராட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கைதட்டல் ஓய்ந்தபோது பெட்டிகளுக்குள்ளிருந்து பூட்டு விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மைக்கில் கோளாறு என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சுமித்ரா காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் வந்து, நான் இன்னாரைத்தான் சந்தேகப்பட்டேன் என்று சொல்லவேண்டும். கல்யாண வீடுகளில், கோயில் வாசலில், மெல்ல வாயைக் கிண்டிப் பார்த்தாள். "முழுக்கவே நல்லாயிருந்தது" என்றார்கள். முழுக்க என்ற சொல்லை அவள் வெறுக்கத் தொடங்கியது அப்போதுதான். தன்னிடமிருந்த பிரதியும் திறக்காதிருக்க, குளிரில் பசை இறுகிவிட்டதாக எண்ணி, ஹீற்றருக்கு மேலே வைத்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். விருந்தினர் விட்டுப்போன புத்தகங்களை இப்போது வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போனில் இரண்டு பேரும் காலநிலையைப் பற்றியும் மலிவு விற்பனை பற்றியும் கதைத்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

2017 மார்கழியில் புனிதவதி ட்ராம் தரிப்பிடத்தில் பனியில் வழுக்கிக் கால் முறிந்து வீட்டில் கிடந்தாள். சும்மா இருக்கும் நேரத்தில் சிநேகிதியின் நாவலைப் படிப்போம் என்று எடுத்தாள். விரலால் முயன்றாள், கத்தியால் முயன்றாள், இடியப்பச் சட்டியின் ஆவியிலும் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் அழுகை வந்து போன் எடுத்தாள். "சுமித்ரா, கோவிக்காதையடி. நான் உன்ர புத்தகம் வாசிக்கேல்லை. மேடையில சும்மா சொன்னனான்." சொல்லி முடிக்கவும் மடியில் கிடந்த புத்தகம் தானாகத் திறந்து முதலாம் அத்தியாயத்தில் நின்றது. இரண்டு நாளில் திரும்பவும் போன் எடுத்து, கொலைகாரன் ஆரென்று தனக்கு நாலாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது, நடுவில் அந்த இன்ஸ்பெக்டர் ஏன் இவ்வளவு சாப்பிடுகிறான் என்று கேட்டாள். மற்றப் பக்கத்தில் சுமித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சந்தோசத்தில் அழுதாள்.

செய்தி கோயில்களில் பரவியது. ஒவ்வொருவரும் தன் பிரதியோடு தனித்திருந்து, வாசிக்கவில்லை என்று சொல்ல, அது திறந்தது. அட்லிஸ்வில்லிலிருந்து சூரிச்சுக்குப் போகும் ரயிலில் ஒரு இளம் பெண் புத்தகத்துக்குக் குனிந்து முணுமுணுத்ததைப் பலர் கண்டார்கள், தேவாரம் சொல்லுகிறாள் என்று நினைத்தார்கள். தம்பித்துரை அண்ணை ஒரு வருடம் பிடிவாதமாக நின்று, பிறகு காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னார். அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின. முடிவு அவசரம், வசனம் நீளம், ஆனால் ஈரத் துவாய் விசயம் அருமை. சுமித்ரா ஒவ்வொன்றுக்கும் நின்று வாதாடினாள், முகம் தெளிந்தது.

தவராஜா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பிரதி கட்டில் பக்கத்தில் மூடியபடியே கிடந்தது. சுமித்ரா தினமும் அதைத் தூசி தட்டினாள், கேட்கவில்லை. ஊரெல்லாம் வாசித்து என்ன, இந்த மனுசன் வாசிக்கவேண்டும் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தவராஜாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஓய்வுண்டு. 2019 வைகாசியில் ஒரு நாள் அந்த ஓய்வில் புத்தகத்தோடு ஏரிக்கரை மர வாங்கில் போய் இருந்தார். அங்கே என்ன சொன்னார் என்பது அன்னங்களுக்குத்தான் தெரியும். கோடை முழுவதும் அந்த வாங்கிலேயே எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார்.

முடித்த அன்று நேரே வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்றார். "நான் கடைசிமட்டும் அந்தச் சலவைக்காரனைத்தான் சந்தேகப்பட்டனான். ஏமாந்து போனன்" என்றார். சுமித்ரா அடுப்பை நிற்பாட்டினாள். "இன்னொண்டு. மாலினியின்ர மனிசன் எல்லா அத்தியாயத்திலயும் வாறான், சாப்பிடுறான், சப்பாத்துப் போடுறான். ஏன் ஒரு சொல்லும் கதைக்கிறானில்லை?"

"அவர் என்ன கதைப்பார் எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா" என்றாள் சுமித்ரா.

அன்று தவராஜா இரவு வேலைக்குப் பிந்திப் போனார். குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு அவர் பேசிய பேச்சு இங்கே எழுதத் தேவையில்லை. அது அவர்களுக்குரியது.

அடுத்த ஞாயிறு புனிதவதி போன் எடுத்தாள். நாவலை இரண்டாந்தரம் வாசிக்கிறாளாம். "இதென்னடி, மாலினி வேலையால வர, மனிசன் கதவைத் திறந்து, இண்டைக்கு எத்தினை அறை, கை நோகுதோ எண்டு கேக்கிறார். போனமுறை இது இருக்கேல்லையே?"

"ஓம்" என்றாள் சுமித்ரா. "இப்பதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்."

அது முந்நூறு பிரதிகளிலும் அப்படியே இருக்கிறது. அவர் கொஞ்சம் கூடுதலாகவே கதைக்கிறார் என்பது பேர்ண் வாசகர்களின் அபிப்பிராயம்.